ஒரு சுழி குறைவு

பட்டறை வாசலில் பலகை, மூன்று மொழியில்.
சிங்களத்தில் நாலு வரி, ஆங்கிலத்தில் மூன்று,
தமிழில் இரண்டே சொல்:
'கழுத்தனி தடை.'
மூன்று சுழி ணகரத்தில் ஒன்றை
யாரோ லேத்தில் பூட்டிக் கடைந்தெடுத்துவிட்டார்கள்.
கழுத்தணி போய்க்
கழுத்து மட்டும் தனியாய் நின்றது.
சிரித்தேன். பிறகுதான் விளங்கியது,
அது என்னைச் சொல்கிறது.

துஷாந்தினி சுகிர்தன், வயது முப்பத்திரண்டு,
மாலை வகுப்பு, கடைசல் பிரிவு.
ஏழு வருடம் ரத்மலானையில்
எங்கோ குளிர்தேசத்துச் சட்டைகளுக்குக் கொலர் தைத்தேன்.
ஓர்டர் நின்றது, கேற் மூடியது.
கைக்கு வந்தது மூன்று மாதச் சம்பளமும்
ஒரு பெட்டி ஊசியும்.
முதல் நாள், 'த்ரெட் தெரிந்தவர் யார்?' என்றார் சேர்.
நான்தான் கை தூக்கினேன்.
அவர் நீட்டியது ஒரு போல்ட்.

கொடியைக் கழற்ற எனக்கு மூன்று மாலை எடுத்தது.
ஓவரோலுக்குள் தள்ளி
மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வேர்த்தேன்.
நுஸ்கா பார்த்தாள்.
தெமட்டகொடையிலிருந்து வருபவள்,
முக்காட்டை ஐந்து ஊசியால் இறுக்கித் தொப்பிக்குள் அடைப்பவள்.
'சுத்துற சாமானுக்கு
அது யாரு கட்டினதுண்டு வெளங்குமா?' என்றாள்.
அன்று வெர்னியர் பெட்டியின்
நீல வெல்வெட் பள்ளத்தில் சுருண்டு படுத்தது கொடி,
நூறில் இரண்டு மில்லிமீற்றர் வரை
பொய் சொல்லாத கருவிக்குப் பக்கத்தில்.

அடுத்த கொட்டகையில் வாகனப் பிரிவுப் பெடியன்கள்
ஹைப்ரிட் கார் ஒன்றின் வயிற்றைத் திறந்து
பற்றரி செல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
இசுரு சிங்களத்தில் எண்ணுவான்,
பிழைத்தால் திட்டுவது மட்டும் மும்மொழியில்.
பஞ்சிகாவத்தையில் கடை பார்த்துவிட்டானாம்,
அட்வான்ஸுக்குத்தான் ஆள் தேடுகிறான்.
என்னையும் கேட்டான்.

தவணைப் பரீட்சை, வெள்ளிக்கிழமை.
இருபத்தைந்து மில்லிமீற்றர் தண்டு.
நூறில் இரண்டு கூடலாம், நூறில் இரண்டு குறையலாம்.
அதற்கு மேல் கூடினால் திரும்பக் கடையலாம்.
குறைந்தால்
கொச்சிக்கடைக் கோவிலுக்கு நேர்ந்தாலும் ஒட்டாது.
'ஹெமின், ஹெமின்' என்று பின்னால் சேரின் குரல்.
கடைசி வெட்டு. சீவல் இடியப்ப இழையாய் இறங்கியது.
பாதித் தண்டில் கரண்ட் போனது.

இருட்டில் பதினாறு பேரும்
கைகளைத் தூக்கியபடி நின்றோம், பிடிபட்டவர்களைப் போல.
விதி அப்படி: நிற்கும்வரை தொடக்கூடாது.
சக்குகள் தம்பாட்டில் சுற்றி, இளைத்து,
ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.
மருதானைக்குள் நுழைந்த ரயிலொன்று
தன் ஜன்னல் வெளிச்சங்களை
எங்கள் முகங்களில் எண்ணிக்கொண்டு போனது.

நாற்பது நிமிடம்.
விளக்கு வந்தபோது தண்டின் நடுவில்
மயிரிழை அகலத்தில் ஒரு வட்டக் கோடு,
உளி நின்ற இடம்.
அளவு சரி. மேற்பரப்புக்கு மூன்று புள்ளி வெட்டு.
'பில்ல கரண்ட் சபைக்கு அனுப்புங்க சேர்' என்றாள் நுஸ்கா.
அவருக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்.

இரவு தோஹாவிலிருந்து அழைப்பு.
சுகிர்தன் திரைக்குள் கிட்ட வந்து பார்த்தான்.
'கழுத்து?'
பெட்டியிலேயே மறந்து வந்திருந்தேன்.
திறப்பு கல்லூரியில், இனித் திங்கள்தான்.
நான் வாயெடுக்க முன்
இடது கையைக் கமராவுக்கு நேரே பிடித்தான்.
விரலில் மோதிரமில்லை.
மோதிரம் இருந்த வெள்ளைத் தடம்கூட
வெயிலில் கறுத்து மூடியிருந்தது.
'கிரேனடியில விடமாட்டாங்கள்.
எட்டு மாசம். நீ கவனிக்கேல்ல.'

என்ன சொல்வது?
தண்டை எடுத்துக் காட்டினேன்.
விளக்கடியில் மெல்லத் திருப்பினேன்.
நகத்தை வைத்தால் தட்டும் கோடு,
அவனுக்கு அங்கிருந்து தெரிந்ததோ தெரியாது.
'எத்தனை மார்க்ஸ்?'
'எழுபத்தெட்டு.'
'கரண்ட் போகாட்டி?'
எண்பத்தொன்று என்று சொல்வதற்குள்
டேட்டா முடிந்துவிட்டது.