பதினான்காம் விதி

டுலூத்தில் ஏரி விளிம்பு உறையத் தொடங்கிய வாரம்
மாடிக்கு ஆள் வந்தது.
கீழே நான். நடுவில் ஒரு பலகைத் தளம்,
முப்பது வருடக் கடன்.

பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்தது
கூரைக்கே சரியாய்ப் போயிற்று.
நிலவறைக் கொதிகலனுக்கு என் வயது;
என்னைப் போலவே அதுவும்
காலையில் இருமிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும்.

நூலகத்தில் நகலெடுத்த ஒப்பந்தம், பதினொரு பக்கம்.
'உரிமையாளர்' என்று வந்த இடமெல்லாம்
யாரையோ சொல்கிறார்கள் என்றே வாசித்தேன்.
கையெழுத்துக் கோட்டில்தான் பேனா தடுமாறியது:
இத்தனை காலம்
அடுத்த கோடல்லவா என்னுடையது.

மூன்று பேர் பார்க்க வந்தார்கள்.
ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்,
பிறகு வாடகையைத் தட்டிப் பார்த்தார்.
நாய் கிடையாது என்றார் இன்னொருவர்;
கால்சட்டை முழுக்க நாய்முடி.
கடைசியாக ரெனே டெஃபோ, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
அவள் அலமாரிகளைத் திறந்து மூடுகையில்
மகன் குளியலறைக் குழாயடியில் கைநீட்டி எண்ணினான்.
நாற்பத்தொன்றில் சுடுநீர் வந்தது.
"அம்மா, இங்க வருது!"

முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டேன்.
அடுத்தவர் கேக்கை
என் குளிர்பெட்டியில் வைத்திருப்பது மாதிரி
அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

நான்காம் நாள் காலை
பணிச்சீருடை மாற்றாமல் கதவைத் தட்டினாள்:
"சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா?"

பதினான்காம் விதி.
ஆணி கூடாது, திருகு கூடாது, கொக்கி கூடாது.
நாலு வீடு, பத்தொன்பது வருடம்,
மனப்பாடம்.
என் கல்யாணப் படம் தரையிலேயே சாய்ந்து நின்றது.
விவாகரத்தின்போது
எடுத்து வைக்கச் சுலபமாயிருந்தது.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.
யாரிடம் கேட்பது?
காபி ஆறும்வரை நின்றிருந்தேன்,
யாராவது வந்து அனுமதி கொடுப்பார்கள் போல.

ஒரு டப்பா ஆணியும் சுத்தியலும்
படிக்கட்டில் வைத்தேன், கூடவே ஒரு துண்டுக் காகிதம்:
'சன்னலுக்கு இடப்பக்கம் வேண்டாம்,
உள்ளே தண்ணீர்க் குழாய் போகிறது.'
கீழே உரிமையாளர் என்று எழுத 'உ' போட்டு,
அடித்துவிட்டு,
மார்லிஸ், கீழ்வீடு என்று முடித்தேன்.

மாலையில் மூன்று அடி கேட்டது.
விளக்கிலிருந்து கொஞ்சம் தூசி மேசையில் விழுந்தது.
அண்ணாந்தபடி
நாலாவதுக்குக் காத்திருந்தேன்.