நான்காம் மனு

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் என் ஜெராக்ஸ் கடை.
மற்ற நாளெல்லாம் ஆதார் கார்டு, ஹால் டிக்கெட்.
திங்கட்கிழமை மனு நாள்.
அன்று மட்டும் கண்ணீர்,
ஏ-ஃபோர் அளவில்.

செல்லூரில் எங்கள் தெருவுக்குத்
தண்ணி திறந்துவிடுகிற சோணைமுத்து
சித்திரையில் முதல் மனுவோடு வந்தார்.
"சம்பளம் வரலை சார். பதினோரு பேருக்கு."
காண்டிராக்ட்காரர் மாநகராட்சியைக் காட்டுகிறார்.
மாநகராட்சி கருவூலத்தைக் காட்டுகிறது.
கருவூலம் சென்னையை,
சென்னை இன்னும் வடக்கே.
அதற்கு மேல் காட்டுவதற்கு
இமயமலைதான் பாக்கி.

பாவம் என்றேன்.
ஐந்து நகலுக்கும் காசு வாங்கவில்லை.
ஸ்டாம்ப் வெண்டர் தன் பன்னைப் பாதி பிய்த்துக் கொடுத்தார்.
தெருவில் சொன்னேன்,
தெருவும் பாவம் என்றது.
கனகவல்லி டீச்சர் அஞ்சு கிலோ அரிசி அளந்தார்.
"போராடணும்யா" என்றார் மாடி வீட்டு வரதராஜு,
ஊஞ்சலை நிறுத்தாமல்.

வைகாசியில் அதே மனு.
தேதியில் மட்டும் வெள்ளை பூசி
மேலே புதுத் தேதி.
பாதிக் காசு வாங்கினேன்.
டீ சொல்ல நினைத்தேன், கூட்டம், மறந்துவிட்டேன்.
மறந்துவிட்டேன் என்றே இருக்கட்டும்.

ஆனியில் நான் கேட்டது:
"இன்னுமா வரலை?"
கேட்ட பிறகுதான் தெரிந்தது,
அந்த 'இன்னுமா'
கருவூலத்தைப் பார்த்து நீளவில்லை,
அவரைப் பார்த்து நீண்டது.
வண்டிக்குப் பெட்ரோல் இல்லையென்று
கருப்பாயூரணியிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு
நடந்து வருகிறாராம்,
இடுப்புயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு.
நாய்கள் பழகிவிட்டன என்றார்.
முழுக் காசு வாங்கினேன்.

அந்த வாரமே ஒரு புதன்.
நாலரைக்கு வர வேண்டிய தண்ணி
ஆறரைக்கும் வரவில்லை.
குழாயைத் திறந்தால் காற்று, ஒரு இருமல், அவ்வளவுதான்.
குடங்களோடு தெருவே வெளியில்.
"சம்பளம் வரலேன்னா
கவர்மெண்ட்டைப் போய்க் கேக்கணும்.
நம்ம குடத்தையா காயப் போடுறது?"
யாரோ சொன்னார்கள் என்று எழுதலாம்.
சொன்னது நான்.

பிளம்பர் காதரைக் கூப்பிட்டார்கள்.
வீட்டுக்கு ஐம்பது.
இருபத்தாறு வீடு.
பத்தே நிமிஷத்தில் சேர்ந்தது.
மூணு மாசமாக அஞ்சு கிலோ அரிசிக்கு மேல்
நகராத தெரு.
காதர் குழிக்குள் குனிந்து பார்த்தார்.
"அந்தச் சாவி இல்லாம ஆகாது.
தலையை உடைச்சா திறக்கலாம்,
அப்புறம் மூட முடியாது."
உடை என்றும் ஒரு குரல் வந்தது.

எட்டே கால்.
சந்து திரும்பி சோணைமுத்து வந்தார், சாவியோடு.
"எட்டு மணி வரைக்கும்தான் சார்
நிறுத்தணும்னு பேசிக்கிட்டோம்,
பதினோரு பேரும்."
மூன்று மாதத்துக்கு
மூன்றரை மணி நேரம்.

இறங்கினார். திருகினார்.
மண்ணுக்கடியில் தண்ணி நகரும் சத்தம்
உள்ளங்காலில் தெரிந்தது.
வரதராஜு சேர்ந்த பணத்தை நீட்டினார்.
சோணைமுத்து கையைத் துடைத்தார், வாங்கவில்லை.
"இது எந்த மாசத்துது சார்?"

பதில் சொல்ல ஆளில்லை.
குழாய்களில் தண்ணி வந்துவிட்டது,
எல்லோரும் உள்ளே ஓடியிருந்தார்கள்.
பணம் சாயங்காலம்
ஐம்பது ஐம்பதாகத் திரும்பி வந்தது.
நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த திங்கள், நான்காம் மனு.
இந்த முறை புதுத் தாள்.
வெள்ளை பூச அந்தத் தேதியில்
இடம் இல்லாமல் போயிருக்கும்.
நான் வாயைத் திறக்குமுன்
கண்ணாடி மேல் ஐந்து இரண்டு ரூபாய்க் காசுகளை
வரிசையாக வைத்தார்.

மிஷினின் வெளிச்சம்
அவர் பெயருக்கடியில் ஒருமுறை போய்
ஒருமுறை திரும்பியது.
காசை எண்ணினேன்.
சரியாக இருந்தது.