பச்சை மை

சிவப்பு கூடாது என்றார் வலாய்டன் மிஸ்.
சிவப்பு அவருடையது. எங்களுக்குப் பச்சை.
நிறை இரண்டு எழுது, குறை ஒன்று எழுது,
ஆளைப் பற்றி எழுதாதே, தாளைப் பற்றி எழுது.
ரோஸ்ஹில்லில் சனிக்கிழமை, மூன்று மணி.
தகரக் கூரையில் மழை
மிஸ்ஸை முந்திக்கொண்டு வகுப்பெடுத்தது.

எனக்கு வந்தது தயாளென் மூத்தூவின் கட்டுரை.
நான்கு பக்கம். ஓரத்தில் காத்தோ பிமா எண்ணெய்,
அதன் வழியே பின்பக்க எழுத்து தலைகீழாகத் தெரிந்தது.
எல்லோருக்கும் கொடுத்த கவிதை நான்கே வரி:

        வாசலில் நிறுத்தாதே,
        உள்ளே வரச் சொல்.
        ஆறு போதும் எனக்கு.
        மீதியைக் கடல் எண்ணிக்கொள்ளட்டும்.

தயாளென் எழுதுகிறான்:
'கப்பலில் எத்தனையோ பேர் வந்திருப்பார்கள்.
கவிஞர் வீட்டில் ஆறு பேருக்குத்தான் தட்டு.'
அப்புறம் ஒரு பக்கம் முழுக்கத் தட்டுகள்.
எனாமல் தட்டு, விளிம்பு உதிர்ந்த தட்டு,
பிஸ்கட் டின்னின் மூடி,
ஆறாவது தட்டு யாருக்கு என்றொரு கேள்வி.
முடிவுரை ஒரே வரி:
'கவிஞர் கஞ்சர் அல்ல, பாத்திரம்தான் கம்மி.'

சிரித்தேன். சத்தமாகவே.
ஆறு என்றால் நதி, மடையா.
அடுத்த வரியில் கடல் நிற்கிறதே, பார்க்கவில்லையா?
என் கட்டுரையில் நதி கரைபுரண்டு ஓடியது.
நதி வாழ்வு, கடல் மரணம் என்று.
எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது,
அதனாலேயே சரி என்றும் இருந்தது.

கிரியோலில் இந்தச் சங்கடம் கிடையாது.
சிஸ் வேறு, லாரிவியேர் வேறு.
வீட்டில் அதில்தான் சண்டை போடுகிறோம்,
கடையில் அதில்தான் கடன் சொல்கிறோம்.
தமிழுக்குச் சனிக்கிழமை, பத்தொன்பது பேர், ஓர் அகராதி.
அதிலும் 'ஆ' பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள்.

மூடியைக் கழற்றி
'குறை: சொல்லே புரியவில்லை' என்று எழுதப் போனவள்
ஆதாரம் காட்டவேண்டுமே என்று
கவிதைக்குத் திரும்பினேன்.
மீதியை.
எண்ணிக்கொள்ளட்டும்.
நதியில் ஏது மீதி?
கடல் எதை எண்ணும்?
உள்ளே வரச் சொல் என்று நதியையா கூப்பிடுவார்கள்
(புயல் வருஷம் எங்கள் வீட்டுக்கு
அது கூப்பிடாமலே வந்தது, கட்டில் உயரத்துக்கு)?
பேனா முனை காய்ந்துகொண்டிருந்தது.
இவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.
இருப்பது இவனுக்கே தெரியவில்லை.
தட்டுகளை அத்தனை பொறுமையாய் அடுக்கியவன்
அந்த இரண்டு சொல்லையும் தொடவே இல்லை.

எழுதினேன்:
நிறை, ஆறாவது தட்டு.
நிறை, பிஸ்கட் டின் மூடி.
குறை, நான்காம் வரி உன் பக்கம் நிற்கிறது,
நீ அதைச் சாட்சிக்கே கூப்பிடவில்லை.
மடையா என்று எங்கும் எழுதிவிடவில்லையே என்று
இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

என் தாள் திரும்பி வந்தது.
மூன்று எழுத்துப்பிழை திருத்தியிருந்தான்,
அதில் ஒன்று பிழையே இல்லை.
கீழே, கோணலாக:
'ஆறு என்றால் நதியுமா?
தெரியாது. நல்லவேளை.'

கத்ர் போர்ன் பஸ்ஸில் ஜன்னல் பூராவும் ஆவி.
முன்சீட்டுப் பையன் முழங்காலில் சிராய்ப்பு,
பொருக்கைப் பிய்க்காதே, ஆறட்டும் என்று
எனக்குள்ளே யாரோ தமிழில் சொன்னார்கள்.
காயத்துக்கும் அந்தச் சொல்தானே.
ஆறு, போதும் எனக்கு.
அவனும் இதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.
கண்ணாடியில் விரலால் ஒரு காற்புள்ளி வைத்தேன்.
அது நிற்காமல் நீண்டு கீழே இறங்கியது.
தாள்கள் மிஸ் பையில்.
மிஸ் கியூர்ப்பிப் பஸ்ஸில்.