நிறுவுக

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு
நூறு தப்படி முன்னால் என் கடை.
ஜெராக்ஸ், பிரிண்ட், ஆதார் திருத்தம்,
கோடையில் மட்டும் மோர்.
படித்தது அந்தப் பக்கம், பிழைப்பு இந்தப் பக்கம்.
பள்ளிக்கூட ஏலத்தில் வந்த கம்ப்யூட்டர்.
விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.
காசு கேட்காது, வைரஸ் வராது என்று
ரெஜிமோன் சொல்லி விற்றது இரண்டும் உண்மைதான்.

பழைய பிரிண்டர் செத்த மறுநாள்
பொள்ளாச்சி போய் வேறொன்று வாங்கி வந்தேன்.
அதற்கு டிரைவர் வேண்டுமாம்.
வாசலில் ஒரு டிரைவர் ஏற்கெனவே நின்றிருந்தார்:
சென்னியப்பன், லாரி நிறையக் கறிக்கோழி,
சான்றிதழ் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்,
பதினொரு மணி வெயில்.

மென்பொருள் மையத்தைத் திறந்தேன்.
அதுவும் கடைதான், கல்லாப்பெட்டி இல்லாத கடை.
முகப்பில் பெரிய பெரிய படங்கள்:
பனியில் சறுக்கும் ஆட்டம்,
விண்மீன் எண்ண ஒன்று,
இசைக்குறிப்பு எழுத ஒன்று.
பிரிண்டர் என்று தேடினேன்.
பொம்மை வார்க்கும் இயந்திரத்துக்கு மூன்று வந்தன,
ஒரே பெயரில் இரண்டு வந்தன,
ஒன்றுக்கு நாலு நட்சத்திரம்,
மற்றதை யாரும் தொட்டதேயில்லை.
விளக்கம் என்று ஒரு வரி:
"பின்னணி வடிகட்டிகளின் தொகுப்பு."
வடிகட்டி எனக்குத் தெரியும். டீக்கானது.

"ஏனுங்க்கா, ஆச்சுங்களா?"
கோழிகள் அலகு பிளந்து மூச்சு வாங்கின.

பொத்தானில் ஒரு சொல்: நிறுவு.
கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பில்
கடைசியாகப் பார்த்தது.
முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சேர்ந்தால்
நூற்றெண்பது என நிறுவுக.
ஐந்து மதிப்பெண். எழுதாமல் விட்ட கேள்வி.
யாரோ ஒருவர், சம்பளமில்லாமல்,
ராத்திரி உட்கார்ந்து போட்ட தமிழாக இருக்கும்,
அவர்மேல் எனக்குக் கோபமில்லை.
ஆனால் எதை நிறுவ?

நட்சத்திரம் பார்த்து அழுத்தினேன்.
நீ யார் என்றது. கடவுச்சொல் கொடுத்தேன்.
நீலக்கோடு நகர்ந்து முப்பத்தேழில் நின்றது.
எதில் முப்பத்தேழு என்று இல்லை.
"ரத்து" சாம்பல் பூத்துக் கிடந்தது.
பிறகு ஒரு சின்னப் பெட்டி:
"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது."
கீழே "சரி."
சரி என்பதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

சாவடியில் சுகதன் சார் இருக்கிறார்.
நிறுத்துவார், கத்துவார், ஆனால் சொல்லிவிடுவார்:
கால்நடை டாக்டர் கையெழுத்து இல்லை,
அதற்குப் பண்ணை முத்திரை வேண்டும்,
முத்திரைக்கு எடைச்சீட்டு.
ஒன்றைப் பிடித்து ஒன்று தொங்குவது
எல்லையில் பிறந்தவளுக்குப் புதிதா?
எந்தக் காகிதம் குறைகிறதென்று சொன்னால்
ஓடிப்போய் வாங்கிவந்து விடுவேன்.

ரெஜிமோனுக்குப் போன் போட்டேன்.
"பல்கீசே, ஆ கறுத்த ஸ்க்ரீன் திறக்கூ.
எஸ், யூ, டி, ஓ. இனி ஒரு ஸ்பேஸ்."
எழுத்து எழுத்தாக அடித்தேன்.
படபடவென்று ஓடியது, அசிங்கமாக, ஆங்கிலத்தில்,
நடுவில் ஒரு வரி மட்டும் சுகதன் சார் குரலில்:
இன்னது இல்லை, அது வந்தால்தான் இது.
பெயர் சொல்லியிருந்தது.
முழுப் பெயர்.
அந்த வரியை அந்தப் பளபளப்புக் கடை
எங்கே மடித்து ஒளித்து வைத்திருந்ததோ.

தாள் வெளியே வந்தபோது ஏழு கோழி செத்திருந்தன.
"உங்க மேல தப்பு இல்லீங்க" என்று
பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.
மீதி வாங்கவில்லை.

மதியம், கடையில் ஆளில்லாதபோது,
மையத்தை மறுபடி திறந்தேன்.
யாரும் தொடாத அந்த இரண்டாவதுதான்
என் பிரிண்டருக்கானது.
"முதல் ஆளாகக் கருத்து எழுதுங்கள்" என்றது.
எழுதினேன்:

இந்தப் பெயரில் இரண்டு உண்டு, இதை எடுங்கள்.
முன்னதாக இன்னொன்று ஏற்ற வேண்டும்,
அதன் பெயர் கீழே கொடுத்திருக்கிறேன்.
கோழி வண்டி வாசலில் நிற்கும்போது
முயல வேண்டாம்.