நீலக் கூடை

ஷென்ஜென், லோங்ஹுவா, மூன்றாம் மாடி.
பஞ்சு ஒட்டிய அறைக்குள்
நாளொன்றுக்கு எண்ணூறு வருகின்றன என்னிடம்,
இடது நானூறு, வலது நானூறு.
ரப்பர்க் காதில் ஒவ்வொன்றாய்ச் செருகி
அடிவயிற்று உறுமலில் தொடங்கி
கொசுவின் உச்சிக் குரல் வரை
ஒரு சீழ்க்கையை ஏற்றிவிடுவேன்.
திரையில் ஒரு கோடு மேடேறி இறங்கும்.
ஒரே கோடுள்ள இரண்டைச் சோடி சேர்ப்பது என் வேலை.
"கல்யாணத் தரகரே, இன்றைக்கு எத்தனை முகூர்த்தம்?"
என்பான் பேக்கிங் மேசை பாங் குவாங்ஷெங்.

ஒரு டெசிபெல் வித்தியாசம் வரை மன்னிக்கலாம்.
அதற்கு மேல் போனால் நீலக் கூடை.
வெள்ளி மாலை கூடையை எண்ணுவார்கள்,
பிறகு சுத்தியல்.

விலை எண்பத்தொன்பது யுவான்.
அதற்குள் காந்தம், சுருள்,
வெங்காயத் தோலினும் மெல்லிய சவ்வு,
கேபிள், மூன்று அளவில் சிலிகான் முனைகள்,
தோல் போல நடிக்கும் ஒரு பை,
கண்மூடிய பெண் அச்சிட்ட பெட்டி.
என் கூலி எங்கே இருக்கிறதென்று
ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பைக்கும் பெட்டிக்கும் நடுவில் எங்கோ.

ஞாயிற்றுக்கிழமை ஹுவாச்சியாங்பெய் கடைத்தெரு.
பாங் நான்கு சோடிகளை வரிசையாக வைத்தான்,
கட்டைவிரல் அளவு டிஏசி ஒன்றைப் போனில் செருகினான்.
ஒரே பாட்டு, நான்கு முறை.

முப்பத்தாறு யுவானில்
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ மெத்தை அடித்தார்கள்.
நூற்று இருபத்தொன்பதில்
ஒவ்வொரு சிம்பலும் கரண்டி விழும் சத்தம்,
ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி.
இருநூற்றுப் பத்தில் பாடகி
எச்சில் விழுங்குவது கேட்டது.
அவ்வளவு நெருக்கம் எனக்கு வேண்டாம்.
கடைசியில் எங்களுடையது.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
வேறு எதுவும் சொல்லவும் இல்லை.

ஆனால் நான்கிலும் அவள்
சற்று வலப்பக்கம் தள்ளியே நின்றாள்.

"நடுவில்தானே நிற்கிறாள்" என்றான் பாங்,
தன் மூக்கின் மேட்டைத் தொட்டுக் காட்டி.
இடதை வலதில், வலதை இடதில் மாட்டிப் பார்த்தேன்.
பழுது கருவியில் என்றால்
அவளும் பக்கம் மாற வேண்டும்.
மாறவில்லை.

என் முதல் வேலை தோங்குவானில்.
தகடு அழுத்தும் இயந்திரம்
நாலரை வருஷம் என் இடப்பக்கம் நின்றது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
காது பார்க்கிறவளுக்கே காது சரியில்லை என்றால்
நான் எந்தக் கூடை?

அடுத்த வாரம் இரவுப் பணியில் வந்தது
சோடி கிடைக்காத ஓர் இடது.
நான்கு டெசிபெல் ஓங்கல்.
தன் குரலின் அளவு தெரியாமல்
பேருந்தில் போன் பேசுகிறவரைப் போல.
மூடியில் கீறல் விழுந்ததால் தள்ளிய வலது ஒன்றும்
கூடையிலேயே கிடந்தது.

இரண்டை எடுத்தால் இரண்டை வைக்க வேண்டும்.
கடையில் எண்பத்தொன்பது யுவான் கொடுத்து
குறையில்லாத எங்கள் சோடியையே வாங்கி வந்து
நீலக் கூடையில் போட்டேன்.
ஒருவேளை நானே சேர்த்து வைத்ததாக இருக்கலாம்.
வெள்ளிக்கிழமை எண்ணிக்கை சரியாக இருந்தது.

நான்காம் தடம் மெட்ரோ, கடைசி வண்டி.
அதே பாட்டு.
பாடகி நகர்ந்தாள்,
நின்றாள்,
என் மூக்கின் மேட்டுக்கு நேராக.
இரண்டு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.

"எந்த மாடல்? கொடு, கேட்கிறேன்"
என்று வாங்கிப் போட்டுக்கொண்டான் பாங்.
முகத்தைச் சுளித்தான்.
"இடப்பக்கம் இழுக்கிறதே, கழிவா?"
"கழிவுதான்" என்றேன்.
முனையைச் சட்டைக் கையில் துடைத்து
திருப்பிக் கொடுத்தான்.