வயிற்றில் அம்மி

ஆறு வருஷம் திருப்பூர்ச் சாயப்பட்டறையில்
துணிக்கு நிறம் ஏற்றினேன்.
பட்டறைக்குச் சீல் வைத்த பிறகு
கோபியில், ஒரு கல்லூரி ஆய்வகத்தில்,
நண்டின் குடலுக்கு ஏற்றுகிறேன்.
சம்பளம் குறைவு.
கை அதே கைதான். நகக்கண்ணில்
அப்போது கருநீலம், இப்போது ஊதா.

மெழுகுக் கட்டியில் குஞ்சைப் புதைத்து
ஏழு மைக்ரான் கனத்தில் சீவவேண்டும்.
வெங்காயச் சருகு இதன் பக்கத்தில் கம்பளி.
மூச்சு விட்டால் பறந்துவிடும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
சித்திரை வெயிலில் வேலை.

முதலில் வந்தது கடல் நண்டு,
பரங்கிப்பேட்டையிலிருந்து, புட்டி புட்டியாக.
குஞ்சு நண்டு மாதிரியே இல்லை.
முதுகில் முள், முகத்தில் முள்,
கண் மட்டும் ரெண்டு கடுகு.
வயிறா? வெறும் குழாய்.
உள்ளே கொஞ்சம் மயிர்ச்சல்லடை.
மிதப்பதை வாயிலேயே கடித்து விழுங்கும்.

அடுத்த புட்டியில் இரண்டுங்கெட்டான்.
கொடுக்கு வந்துவிட்டது, வால் இன்னும் மடங்கவில்லை.
இரைப்பைச் சுவரில் மூன்று மேடு,
பால்பல்லுக்கு முன் ஈறு தடிக்குமே, அப்படி.

கடைசிப் புட்டியில் நண்டு.
மேடெல்லாம் பல்லாகிவிட்டது.
நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று.
அம்மியும் குழவியும் வயிற்றுக்குள்ளேயே.

"நம்மூர் நண்டிலும் பார்க்கணும்,
சின்னதிலேர்ந்து" என்றார் தமயந்தி மேடம்.
சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

தடப்பள்ளி வாய்க்காலுக்குப் போனேன்.
"வரப்பெல்லாம் பொத்தல் போடுதுங்க,
எத்தனை வேணுமோ புடிச்சுக்குங்க"
என்றார் வயல்காரர் மாராக்கவுண்டர்.
"பெருசு வேண்டாங்க. மிதக்கிற குஞ்சு."
வாளி வாளியாக மொண்டு
வேட்டித்துணியில் வடித்தேன், பதினோரு நாள்.
கொசுப்புழு வந்தது. தலைப்பிரட்டை வந்தது.
யாரோ தொலைத்த கால் கொலுசின்
ஒற்றைத் திருகாணி வந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் மருமகள் ரங்காத்தாள்
ஒரு தாய் நண்டைப் புரட்டி
வயிற்று மடலைக் கட்டைவிரலால் நெம்பினாள்.
உள்ளே, மிளகளவில், கொடுக்கும் காலுமாக,
முழு நண்டுகள். எண்ண முடியவில்லை.
"இதுக பொறக்கறதே இப்படித்தானுங்க.
காலேஜுல சொல்லித் தரலீங்களா?"

போனில் மேடம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.
"மிதக்கிறதை யார் கேட்டா? முட்டையைக் கொண்டாங்க."

முட்டையைச் சீவினேன்.
உள்ளே முழுக்க மஞ்சள் கரு.
வாய்ப்பக்கம் மேல்தோல் குழிந்து உள்ளே வருகிறது,
வால்பக்கமும் அப்படியே,
இரு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்து
நடுவில் சந்திக்கும் வாய்க்கால்போல.
கரு கரையக் கரைய
ஈரல் குழல்கள் கிளைவிடுகின்றன.
வெளியே நீந்திக் கழித்திருக்கவேண்டிய நாளெல்லாம்
ஒரு சொட்டு உப்பில்லாமல்
ஓட்டுக்குள்ளேயே கழிகிறது.
மூன்று மேடும் அங்கேயே எழுகின்றன.
அரைக்க ஒன்றுமே இல்லை.
பல் மட்டும் தயாராகிறது.

இன்னொன்றும் மேடம் சொன்னார்:
வயிற்று உட்சுவரும் வெளித்தோலின் மடிப்புதானே,
ஓடு கழற்றும்போது
பல்லையும் சேர்த்துக் கழற்றிவிடும்.
புதுப்பல் இறுகும்வரை பட்டினி.
பட்டறை மூடியதும் எனக்கும் நாலு மாதம்.
அதை எழுத ஸ்லைடில் இடமில்லை.
எண், தேதி, சாயத்தின் பெயர், அவ்வளவுதான்.

வேலை முடிந்த அன்று ரங்காத்தாள்
ஐந்து பெரிய நண்டு கொடுத்தனுப்பினாள்.
இரைப்பையைப் பிடுங்கி எறிவார்கள்.
நான் எறியவில்லை.
மிளகு சீரகம் பூண்டோடு
உரலில் போட்டு இடித்தேன்.
அம்மியை உரலில் இடிப்பவள் நான் ஒருத்திதான்.

ரசம் கொதித்தது.
ரெண்டு தடவை வடிகட்டியும்
நாக்கில் ஏதோ நெருடியது,
மிளகுத்தோலா பல்லா தெரியவில்லை.
துப்ப யோசித்தேன்.
மென்றேன்.