வரவேண்டியது

ஒரு ஏக்கர் இருபது சென்ட்
என்கிறது குத்தகைப் பத்திரம்.
எண்பது சென்டில்தான் ஏதாவது முளைக்கும்.
மீதியில் உப்பு பூத்துக் கிடக்கிறது,
கோலமாவுக் கூடையை யாரோ தவறவிட்டது போல.

உப்பனாற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் சிப்காட்.
மேல்காற்று அடித்தால்
அழுகின முட்டை வாடையில் களை எடுப்போம்.
தேசிங்கு மெக்கானிக்கல்.
நிலோபர் நுண்ணுயிரியல், பாதியில் விட்டது.
நான் பி.காம்., அதனால் நோட்டு என்னிடம்.

முதல் போகம் பாலக், முள்ளங்கி.
மூன்றே வாரத்தில் இலையோரம் கருகியது.
இறால் குட்டைக்காரர் வேலிமேல் கை வைத்துச் சிரித்தார்:
"ஊறுகா ஜாடில வெத போட்டா மொளைக்குமா தம்பி?"
இரண்டாவதற்கு மழைநீர்க் குட்டை வெட்டினோம்,
நிலோபரின் வளையலை அடகு வைத்து.
மூன்றாவதில்
அதுவரை பிடுங்கி எறிந்த உமரியைப்
பிடுங்காமல் விட்டோம்.
அதுவும் கீரைதானே.

சென்னையில் ஒரு போட்டிக்குப் போனோம்.
ஏசி அரங்கம். ஆளுக்கு நான்கு நிமிடம்.
"பத்து மாவட்டத்துக்கு விரிப்பீர்களா?"
என்றார் நடுவர்.
"மொதல்ல அந்த நாப்பது சென்ட் சார்"
என்றான் தேசிங்கு.
பரிசு வேறு யாருக்கோ.

சித்திரை பிறந்த மறுநாள்
விசைப்படகுகளைக் கட்டிப்போடுவார்கள்.
அறுபத்தோரு நாள்
கடல் இருக்கும், போகக் கூடாது.
நிவாரணம் வரும்,
அதற்குள் தண்டல்காரர் வந்துவிடுவார்.
பள்ளிக்கூடம் லீவு. சத்துணவும் லீவு.
அந்த மத்தியானத் தட்டை
யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்குத்தான் மற்ற முந்நூறு நாளும் விதைக்கிறோம்.
கேழ்வரகுக் கூழ், கீரை மசியல்,
சோனங்குப்பம் வலைக்கூடத்தில், பன்னிரண்டரைக்கு.
முதல் நாள் நாற்பது பேருக்கு வைத்தோம்.
ஒன்பது குழந்தைகள் வந்தன.
பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்து
கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள்,
முதுநகர் சந்தைக்குக் கூடை சுமக்கிறவள்.
தூக்குச்சட்டியை நீட்டவில்லை.
"சும்மான்னா வேணாம். நோட்டு இருக்கா? எழுது."
அஞ்சலாட்சி, நாலு ஆள், நாலு கரண்டி
என்று எழுதிவிட்டுத் தொகைக்கு நிமிர்ந்தேன்.
"வெலயப் போடாத.
மீனு வந்ததும் பாத்துக்கலாம்."
திரும்பிப் பார்க்கையில்
அவள் பின்னால் வரிசை நின்றிருந்தது.

ஆனியில் படகுகள் போயின.
ஒரு விடிகாலை எங்கள் வேலியோரம்
ஆறு பிளாஸ்டிக் குடங்கள்.
மீன் தலை, குடல், செவுள்.
"தெனம் வரும். வெல்லத்த நீ போட்டுக்க"
என்றுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள்.
இருபத்தொரு நாள் ஊறவைத்தால் உரமாகும் என்று
நிலோபர் எப்போதோ உளறியிருக்கிறாள்.
தெளித்தோம். ஊற்றினோம்.
காக்கைகள் எங்களைக் குடும்பமாகவே சேர்த்துக்கொண்டன.

உப்பு நான்கு சென்ட் பின்வாங்கியது.
நான்கே சென்ட்.

நேற்று ஆடிட்டர் கேட்டார்:
"வரவேண்டியதுன்னு நூத்திப் பதினேழு பேர்,
தொகையே இல்லையே. வாராக்கடனா?"
மோந்து பாருங்க சார் என்று
நோட்டை நீட்டினேன்.
அவர் சைவம்.

அடுத்த தடைக்கு இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு நாள்.
இந்த வருடம் கரையோரம்
அகத்தியும் வைக்கலாம் என்கிறான் தேசிங்கு.